உப்பும் வெயிலும் கேமராவும்: ராமநாதபுரம் கரையில் படம் எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் கல்யாண போட்டோ எடுப்பது என் தொழில். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும் முன்னே கிளம்பி ஏதாவது ஒரு கரைக்குப் போய்விடுவேன். தேவிபட்டினம், மண்டபம், குந்துகால், வாலிநோக்கம் என்று மாறி மாறி. புதுக் கேமரா வாங்கிய பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் கூட வருவார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஒரே பதிலை டீக்கடை பெஞ்சில் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. எழுதி வைத்துவிட்டால் தொண்டை மிச்சம். கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

அண்ணே, அபர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூணும் வெளிச்சத்தைத்தானே கூட்டிக் குறைக்குது? அதுக்கு எதுக்கு மூணு? ஒண்ணு போதாதா?

உப்பளத்தில் பாத்திக்குத் தண்ணீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். மடையை அகலமாகத் திறந்து கொஞ்ச நேரம் விடலாம். குறுக்கித் திறந்து நெடுநேரமும் விடலாம். பாத்தி நிறைவது ஒன்றுதான். மடையின் அகலம் அபர்ச்சர், திறந்திருக்கும் நேரம் ஷட்டர். ஐஎஸ்ஓ இந்தக் கணக்கில் வராது. அது தண்ணீரைக் கூட்டுவதில்லை. கோயில் கொடையில் மைக்செட்டின் சத்தத்தைக் கூட்டுவது போல, வந்த வெளிச்சத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் கூடும்.

நிறைவது ஒன்றுதான் என்றாலும் படம் ஒன்றாக இருக்காது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 200 வைத்து எஃப்/8, 1/1000 என்று ஒரு படம் எடுக்கிறீர்கள். அதே வெளிச்சம் எஃப்/4, 1/4000 வைத்தாலும் வரும், எஃப்/16, 1/250 வைத்தாலும் வரும். தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுக்கும்போது இந்த மூன்றையும் எடுத்துப் பாருங்கள். (முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.) எஃப்/4 படத்தில் முன்னால் கயிறு பிடித்திருப்பவர் மட்டும் தெளிவாக நிற்பார், பின்னால் இருப்பவர்கள் கரைந்துபோவார்கள், காலில் தெறித்த ஈரமணல் காற்றில் அப்படியே தொங்கும். எஃப்/16 படத்தில் கயிற்றைப் பிடித்த அத்தனை பேரும் வரிசையாகத் தெரிவார்கள், ஆனால் கயிற்றிலிருந்து சொட்டும் தண்ணீர் கோடாக இழுபடும். ஒன்று ஓர் ஆளைப் பற்றிய படம், இன்னொன்று கூட்டு வேலையைப் பற்றிய படம். வெளிச்சம் மட்டும் சமம். மூன்று செட்டிங் இருப்பது இதற்காகத்தான்.

எஃப் நம்பர் பெருசானா ஓட்டை சின்னதாகுதுங்கிறீங்க. ஏன் இந்தத் தலைகீழ்க் கணக்கு?

அது பின்னம். எஃப்/2 என்றால் லென்ஸின் குவியத்தூரத்தில் (லென்ஸ் மேல் மி.மீ. என்று போட்டிருக்கும் எண்) பாதி. 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. ஓட்டை. எஃப்/10 என்றால் 5 மி.மீ. அரைக்கும் பத்தில் ஒன்றுக்கும் எது பெரிது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற வரிசையில் ஒவ்வொரு படியும் வெளிச்சத்தைப் பாதியாக்கும். இந்த ஒரு படியைத்தான் 'ஸ்டாப்' என்கிறோம். ஷட்டரை 1/250-லிருந்து 1/500 ஆக்கினாலும் ஒரு ஸ்டாப் குறைகிறது.

ஆட்டோவுல வச்சா கேமராவே பாத்துக்கும்தானே? அப்புறம் ஏன் உப்பளத்துல எடுத்த படம் எல்லாம் சாம்பலா இருக்கு?

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு உப்பு என்றால் என்ன என்று தெரியாது. தன் முன்னால் எது இருந்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொள்ளும். கல்யாண மண்டபத்திலும் தெருவிலும் இந்த நினைப்பு ஏறக்குறைய சரியாக வரும். நம் கரையில் வராது. வெள்ளை மணல், மினுங்கும் தண்ணீர், உப்பு அம்பாரம் எல்லாமே மீட்டரை ஏமாற்றும் பொருட்கள். 'ஐயோ, இவ்வளவு வெளிச்சமா' என்று அது படத்தை இருட்டாக்கிவிடும்.

வாலிநோக்கத்தில் ஒரு பகல் நேரம். அம்பாரத்துக்கு முன்னால் ஓர் அம்மா, தலையில் சும்மாடு, சேலைக்கு மேல் சட்டை, கையில் உப்பு வாரும் பலகை. ஆட்டோவில் எடுத்த முதல் படத்தில் உப்பு சிமெண்ட் மாதிரி இருந்தது, அவர் முகம் இருந்த இடத்தில் ஒரு நிழல்தான் இருந்தது. ப்ளஸ் மைனஸ் பட்டனில் ப்ளஸ் 1 வைத்தேன். உப்பு வெள்ளையாயிற்று. ப்ளஸ் 1.7 வைத்ததும் முகத்தில் பொரிந்த உப்புத்தூள் வரை தெரிந்தது, வெயிலுக்கு அவர் கண்ணைச் சுருக்கியிருப்பதும் தெரிந்தது. வேறு எதையும் மாற்றவில்லை. இந்தக் கரையில் படம் எடுக்க வருகிறவர் ஒரே ஒரு பட்டனைப் பழகிக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கறுப்புக்கு இதன் நேர் எதிர். தார் பூசிய வள்ளம் படம் முழுக்க நிறைந்திருந்தால் மைனஸ் 1 பக்கம் போங்கள். இல்லாவிட்டால் வள்ளம் வெளிறி, பழைய சிலேட்டு மாதிரி ஆகிவிடும்.

ப்ளஸ் வச்சா சில படத்துல உப்பு வெறும் வெள்ளைப் பேப்பராப் போகுது. ஸ்கிரீன்ல நல்லாத்தானே தெரிஞ்சது?

வெயிலில் ஸ்கிரீனை நம்பாதீர்கள். ஸ்கிரீனின் வெளிச்சத்தை நீங்கள் கூட்டி வைத்திருந்தால் இருட்டான படமும் நன்றாகத் தெரியும். வெயில் அடித்தால் நல்ல படமும் இருட்டாகத் தெரியும். அதற்குப் பதிலாக ஹிஸ்டோகிராம் பாருங்கள். மலை மாதிரி ஒரு வரைபடம், இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை. மலை வலது சுவரில் போய் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் விவரம் செத்துவிட்டது என்று பொருள். எத்தனை மென்பொருள் இருந்தாலும் திரும்பாது. வெளுத்த இடம் கண் சிமிட்டுகிற மாதிரி ஒரு வசதியும் பெரும்பாலான கேமராக்களில் உண்டு, அதைப் போட்டு வையுங்கள். உப்பில் சூரியன் பட்டுத் தெறிக்கும் சில புள்ளிகள் வெளுத்தால் பரவாயில்லை. அம்பாரமே சிமிட்டினால் ப்ளஸ்ஸைக் குறையுங்கள்.

தம்பி, எங்க காலத்துல மீட்டரே கிடையாது. எப்படி எடுத்தோம்னு இவங்களுக்குச் சொல்லிக் குடு.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சொன்னது இது, கேள்வியாகவே வைத்துக்கொள்கிறேன். மேகமில்லாத வெயிலில் எஃப்/16 வை, ஐஎஸ்ஓ எவ்வளவோ அதில் ஒரு பங்கு ஷட்டர் வை. ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100. வெள்ளை மணலில் இன்னும் ஒரு ஸ்டாப் இறங்கி எஃப்/22. மேகம் மூட மூட எஃப்/11, எஃப்/8 என்று திறந்துகொண்டே போ. பிலிம் காலத்தின் இந்தக் கணக்கு இன்றும் ஒரு சொட்டுக்கூடப் பிசகவில்லை. கேமரா சொல்வது சரியா என்று பார்க்க நான் இதைத்தான் மனசுக்குள் ஓட்டுகிறேன்.

தேவிபட்டினத்துல சூரியன் உதிக்கிறத எடுத்தா ஒண்ணு வானம் வெளுக்குது, இல்ல ஆள் கருப்பாயிடுறாங்க. எதுதான் சரி?

இரண்டும் சரி. எது வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்களையும் குளிக்கிறவர்களையும் நிழலுருவாகக் காட்டுவதென்றால், சூரியனுக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் வானத்தில் மீட்டர் பார்த்து, அந்த அளவைப் பூட்டிக்கொண்டு எடுங்கள். ஆள் கருப்பாவார், ஆனால் வானத்தின் நிறம் முழுதும் நிற்கும். நிழலுருவில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தால் எல்லாம் ஒரே கருப்புக் கட்டியாகிவிடும், அதனால் ஆட்கள் பிரிந்து நிற்கும் நொடிக்குக் காத்திருங்கள். முகம் வேண்டும் என்றால் அதே அளவில் ஃபிளாஷ் கொஞ்சம் போடுங்கள். ஷட்டர் 1/200-ஐத் தாண்டினால் பல கேமராக்களில் ஃபிளாஷ் ஒத்துழைக்காது.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். பூமத்திய ரேகைக்குப் பக்கம் இருப்பதால் சூரியன் இங்கே ஏறக்குறைய செங்குத்தாக எழும். நுனி தெரிந்து முழு வட்டமும் வெளியே வர இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அதற்கு முந்தைய நல்ல வெளிச்சம் இருபது நிமிஷத்தைச் சற்றே தாண்டும். அந்த இருபது நிமிஷத்தை டிரைபாட் திருகுவதில் தொலைக்காதீர்கள். அப்புறம், மார்கழியில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து சுமார் 24 பாகை தெற்கே தள்ளி வரும், ஆனி மாதம் அதே அளவு வடக்கே. போன வருஷம் நின்ற இடத்தில் நின்றுகொண்டு 'சூரியனைக் காணோம்' என்கிறவர்கள் மாதத்தை மறந்தவர்கள்.

விடியக்காலையில கண்ணுக்குச் செம்மஞ்சளா இருந்துச்சு. படத்துல சாதாரண வெளிச்சமா வருதே?

ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டிருப்பீர்கள். வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவது அதன் வேலை. மஞ்சள் கூடினால் 'ட்யூப்லைட்டோ பல்போ போல' என்று நினைத்து மஞ்சளைக் கழித்துவிடும். நீங்கள் ஐந்து மணிக்கு எழுந்தது எதற்காகவோ, அதையே கழிக்கிறது. வெயில் படம் போட்ட குறிக்கு மாற்றுங்கள், கெல்வின் கணக்கில் சுமார் 5200 முதல் 5500. இன்னும் சூடு வேண்டுமானால் நிழல் குறி, 7000-க்கு மேல். எண் கூடக் கூடப் படம் மஞ்சளாகும். சூரியன் மறைந்தபிறகு வரும் நீலம் வேண்டும் என்றால் 4000 பக்கம் இறக்குங்கள்.

அலை பால் மாதிரி, பனி மாதிரி இருக்கிற படம் எடுக்கணும் அண்ணே. என்ன செட்டிங்?

ஷட்டரை நீட்ட வேண்டும், கேமரா அசையக்கூடாது. எவ்வளவு நீட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் இங்கே சொல்வது எல்லோருக்கும் தெரியும். பெண்கடலில் அலை சின்னது, அடிக்கொருதரம் நக்கிவிட்டுப் போகும். அங்கே 10 முதல் 30 செகண்ட் வைத்தால் தண்ணீர் கண்ணாடித் தகடாகிவிடும், நங்கூரமிட்ட வள்ளங்கள் மட்டும் ஆடி மங்கும். ஆண்கடலில் கச்சான் (தென்மேற்குக்) காற்றுக் காலத்தில் 30 செகண்ட் வைத்தால் அலையின் உருவமே போய் வெறும் புகைதான் மிஞ்சும். அங்கே அரை செகண்ட் போதும். அலை பின்வாங்கும்போது நுரை மணலில் கோடு கோடாக இழுபடும், எந்தப் பக்கம் ஓடியது என்று தெரியும். எனக்குப் பிடித்தது இதுதான். பால் படங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வாடை காலத்தில் பெண்கடலும் சீறும், அப்போது கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

டிரைபாட் காலைச் சும்மா மணல்மேல் வைக்காதீர்கள். ஒவ்வொரு அலை திரும்பும்போதும் காலுக்குக் கீழே மணல் அரிக்கும், கேமரா ஒரு நூல் இறங்கும், படம் போச்சு. மூன்று காலையும் அரை அடி அழுத்திப் புதைத்துவிட்டு, இரண்டு அலை வந்து போகக் காத்திருந்து அப்புறம் எடுங்கள்.

பகல்லயே அப்படி எடுக்க முடியாதா? எஃப்/22 வச்சும் ஷட்டர் இறங்க மாட்டேங்குது.

வாத்தியார் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐஎஸ்ஓ 100-இல் எஃப்/16-க்கு 1/100 என்றால் எஃப்/22-க்கு 1/50. அதற்கு மேல் இறங்க வழி இல்லை. கண்ணாடிக்கு முன்னால் கருப்புக் கண்ணாடி மாட்ட வேண்டியதுதான், அதுதான் என்டி ஃபில்டர். பத்து ஸ்டாப் ஃபில்டர் வெளிச்சத்தை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்றாக்கும். 1/50 என்பது 20 செகண்டாகிவிடும். அதை மாட்டினபிறகு உள்ளே ஒன்றும் தெரியாது, அதனால் முதலில் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டு, பிறகு மாட்டுங்கள்.

எஃப்/22 நல்ல பழக்கமும் இல்லை. அவ்வளவு சின்ன ஓட்டையில் நுழையும் வெளிச்சம் ஓரங்களில் வளைந்து பரவிப் படம் மொத்தமும் லேசாக மசமசக்கும். கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸ் வைத்திருப்பவர்கள் எஃப்/11-இல் நின்றுகொள்வது நல்லது.

அப்போ முன்னாடி காயுற வலையும் தெளிவா, தூரத்துல பாலமும் தெளிவா வர எஃப்/22 வேண்டாமா?

வேண்டாம். எங்கே ஃபோகஸ் செய்கிறீர்கள் என்பதுதான் இங்கே முக்கியம். சாதாரணக் கிராப் சென்சார் கேமராவில் (படம் பிடிக்கும் சென்சார் முழு அளவைவிடச் சிறியது) 18 மி.மீ. வைத்து, எஃப்/8-இல், சுமார் இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்யுங்கள். ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக வரும். பாலத்தில் ஃபோகஸ் செய்தால் வலை மங்கும், வலையில் செய்தால் பாலம் மங்கும். ஜூம் செய்து 55 மி.மீ. போனால் இந்தக் கணக்கு செல்லாது. குவியத்தூரம் கூடினால் தெளிவாக இருக்கும் ஆழம் வேகமாகச் சுருங்கிவிடும்.

என் போன்லயும் எஃப்/1.8னுதான் போட்டிருக்கு. டிஎஸ்எல்ஆர் எஃப்/1.8 மாதிரி பின்னாடி மங்க மாட்டேங்குதே?

மேலே சொன்ன பின்னத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. லென்ஸில் எஃப்/1.8 என்றால் 28 மி.மீ. அகல ஓட்டை. போன் லென்ஸின் உண்மையான குவியத்தூரம் ஐந்தாறு மி.மீ.தான், ஓட்டை மூன்று மி.மீ. எண் ஒன்றாக இருந்தாலும் மங்கும் அளவு ஒன்றாக இருக்காது.

போர்ட்ரெய்ட் மோடு செய்வது கணக்கு போட்டு வெட்டி மங்கவைக்கும் வேலை. ஒருவர் வலை பின்னிக்கொண்டிருப்பதை அதில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். விரலுக்குப் பக்கத்தில் உள்ள கண்ணி தெளிவாக இருக்கும், அதை ஒட்டிய கண்ணி பாதியில் கரைந்திருக்கும், ஒரு நூல் காற்றில் தொடங்கிக் காற்றிலேயே முடியும். கண்ணாடி போட்டவர்கள், தலைமுடி பறப்பவர்கள் படத்திலும் இதே கதை. வலை பின்னுகிறவரை எடுப்பதென்றால் போனைக் கிட்டே கொண்டுபோய்ச் சாதாரண மோடில் எடுங்கள். மங்கும் அளவு குறைவாக இருந்தாலும் அது நிஜம்.

போன்ல ப்ரோ மோடு எதுக்கு அப்புறம்?

ஷட்டருக்கும் ஐஎஸ்ஓவுக்கும் ஒயிட் பேலன்ஸுக்கும். பெரும்பாலான போன்களில் அபர்ச்சர் மாறாது. அந்தி நேரத்தில் போனைச் சுவரில் சாய்த்துவைத்து அரை செகண்ட் எடுக்க இது போதும்.

பூநாரை பறக்கிறப்ப எல்லாம் இறக்கை மங்கிப்போகுது. 1/500 வச்சேன், பத்தலையா?

பத்தாது. குளிர்காலத்தில் தனுஷ்கோடி போகும் வழியில், கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரைகள் வந்து நிற்கும். மேயும்போது எடுக்க 1/500 தாராளம். பறக்கும்போது 1/1600. ஆலா மாதிரிச் சின்னப் பறவை தண்ணீரில் பாய்வதற்கு 1/2500-க்கு மேல். வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள், ஷட்டரை விட்டுக்கொடுக்காதீர்கள். பூநாரை படம் முழுக்க இருந்தால் அதுவும் உப்பு மாதிரிதான், ப்ளஸ் அரை வைக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, பத்து மணிக்கு மேல் போய்விட்டு 'லென்ஸ் சரியில்லை' என்று வருகிறார்கள். லென்ஸில் கோளாறு இல்லை, கானல்தான் காரணம். சுட்ட மணலுக்கு மேலே காற்று நெளிகிறது. முந்நூறு மீட்டர் தள்ளி நிற்கும் பறவையை அந்த நெளிவு வழியாகத்தான் பார்க்கிறீர்கள். எந்த செட்டிங்கும் இதைத் தீர்க்காது. சீக்கிரம் எழுந்திருங்கள். கூட்டத்தைக் கிளப்பிப் பறக்கவிடும் வேலை மட்டும் வேண்டாம்.

ஐஎஸ்ஓ 3200 போட்டா படம் கெட்டுப்போகும்னு யூட்யூப்ல சொல்றாங்களே?

புள்ளிகள் கூடும், உண்மைதான். ஆனால் புள்ளி விழுந்த பூநாரை பூநாரைதான், மங்கின பூநாரை வெறும் ரோஸ் கறை. ஐஎஸ்ஓ 400-இல் இருட்டாக எடுத்துவிட்டு வீட்டில் போய் எடிட்டிங்கில் வெளிச்சத்தைத் தூக்கினால், 3200-இல் சரியாக எடுத்ததைவிட நன்றாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல கேமராக்களில் இன்னும் மோசமாகத்தான் இருக்கும்.

வள்ளத்துல போறப்ப ஸ்டெபிலைசேஷன் இருந்தும் ஷேக் ஆகுது.

அது உங்கள் கை நடுக்கத்துக்கு மருந்து. வள்ளத்தின் ஆட்டத்துக்கும், எதிரே ஆடும் படகுக்கும் அதனிடம் மருந்தில்லை. 1/1000 வையுங்கள். வள்ளத்தின் விளிம்பில் முழங்கையை ஊன்றாதீர்கள், இன்ஜின் அதிர்வு நேரே கேமராவுக்கு ஏறும். உடம்பை லேசாகத் தளர்த்தி இடுப்பில் ஆட்டத்தை வாங்குங்கள்.

தண்ணிக்குள்ள பாசி, பாறை தெரியுற மாதிரி எடுக்கிறாங்களே, அது எடிட்டிங்கா?

பெரும்பாலும் சிபிஎல் ஃபில்டர். தண்ணீர்மேல் மினுங்கும் வெளிச்சத்தை மட்டும் வடிகட்டும். நீர்மட்டத்திலிருந்து சுமார் 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போது அதன் வேலை உச்சத்தில் இருக்கும். நேர் கீழே பார்த்தால் பலனில்லை. ஃபில்டரைத் திருகிக்கொண்டே பாருங்கள், ஒரு கட்டத்தில் மினுக்கம் அணைந்து அடியில் கிடக்கும் சிப்பி தெரியும். குந்துகால் பக்கம் அலை அடங்கிய காலையில் இதைச் செய்து பார்த்த எவரும் ஃபில்டரைக் கழற்ற மாட்டார்கள். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை அது தின்னும். அகல லென்ஸில் வானத்தோடு எடுத்தால் வானம் ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளிர்நீலம் என்று திட்டாக வரும். அந்தத் திட்டை எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு.

ஏர்வாடி சந்தனக்கூட்டுல எடுத்த படத்துல கோடு கோடா விழுந்திருக்கு. கேமரா ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் விளக்குகள் செகண்டுக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது. 1/1000 வைத்தால் கேமராவுக்குத் தெரியும், படத்தில் பட்டை பட்டையாக விழும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இன்னும் அதிகம். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, 1/100 அல்லது 1/50 வையுங்கள். சில எல்இடி அலங்காரங்கள் வேறு வேகத்தில் துடிக்கும், அதனால் கூடு வருவதற்கு முன்பே நாலைந்து ஷட்டரில் எடுத்துப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ராவ்ல எடுக்கவா, ஜேபெக்லயா?

ராவ் என்பது சென்சார் பிடித்ததை அப்படியே வைக்கும் கோப்பு, ஜேபெக் என்பது கேமராவே முடித்துச் சுருக்கிக் கொடுக்கும் கோப்பு. உப்பளம், சூரிய உதயம், இரவு என்றால் ராவ். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 14 பிட் ராவில் 16,384. நிழலில் இருக்கும் முகத்தைத் தூக்கும்போது அந்தப் படிகள்தான் கைகொடுக்கும். ஒயிட் பேலன்ஸையும் வீட்டில் மாற்றிக்கொள்ளலாம். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு ஜேபெக் போதும்.

ட்ரோன் விடலாமா? கோயில் பிரகாரத்தை எடுக்கலாமா?

செட்டிங் கேள்வி இல்லைதான், ஆனாலும் வாரம் ஒருவர் கேட்கிறார். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம், எதிரே சர்வதேச எல்லை. முறையான அனுமதி இல்லாமல் ட்ரோனைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். ராமேஸ்வரம் கோயிலுக்குள் கேமரா, போன் இரண்டுக்கும் அனுமதி கிடையாது.

ராத்திரி நட்சத்திரம் வட்டம் வட்டமா சுத்துற படம் எங்க ஊர்ல வருமா?

வரும், ஆனால் இமயமலைப் படங்களில் பார்ப்பது போல வராது. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பது ஊரின் அட்சரேகையைப் பொறுத்தது. நமக்கு அது சுமார் 9 பாகை. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் ஏறக்குறைய 10 பாகை, அதாவது கடலுக்கு மேலே ஒரு முஷ்டி உயரம். மண்டபத்தின் வடகரையில் நின்று வடக்கே பார்த்தால் வட்டத்தின் நடுப்புள்ளி தண்ணீரை ஒட்டி நிற்கும், பெரும்பாலான நட்சத்திரங்கள் கடலுக்குள்ளிருந்து ஏறிக் கடலுக்குள்ளேயே இறங்கும். முழு வட்டத்தைவிட இந்த அரைவட்டங்கள்தான் எனக்கு அழகாகத் தெரிகின்றன. 30 செகண்ட் படங்களாக ஒரு மணி நேரம் தொடர்ந்து எடுத்துச் சேர்த்தால், ஒவ்வொரு நட்சத்திரமும் 15 பாகை வில்லாக வரும்.

நட்சத்திரம் புள்ளியாகவே வேண்டும் என்றால் 500-ஐக் குவியத்தூரத்தால் வகுக்க வேண்டும். கிராப் சென்சாரில் 18 மி.மீ. என்பதை ஒன்றரை மடங்காக்கி 27 என்று வைத்துக்கொண்டு வகுத்தால் 18 செகண்ட். ஐஎஸ்ஓ 3200, அபர்ச்சர் முழுத்திறப்பு. ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் திணறும், பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை ஸ்கிரீனில் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். அரிச்சல்முனையில் இரவில் நிற்க விடமாட்டார்கள், அதைத் திட்டத்திலேயே சேர்க்காதீர்கள். அமாவாசைதான் நல்லது என்று ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் வந்துவிடாதீர்கள். தீவு முழுக்க வண்டி வெளிச்சம்.

எல்லா செட்டிங்கும் நீங்க சொன்ன மாதிரிதான். ஆனா படம் பால் ஆடை படிஞ்ச மாதிரி இருக்கு.

லென்ஸைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள், உப்புப் படலம் இருக்கும். பாம்பன் பழைய ரயில் பாலத்தின் இரும்பு 1914-லிருந்து இந்தக் காற்றோடு மல்லுக்கட்டி, 2022 டிசம்பரில் ரயில் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. நம் கண்ணாடி எம்மாத்திரம். காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் உப்புப் பொடி கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதி, பிரஷ்ஷால் தட்டி, பிறகு லென்ஸ் திரவம் நனைத்த துணியால் மெல்லத் துடையுங்கள். ஏசி அறையிலிருந்து நேரே கரைக்குப் போனாலும் கண்ணாடி வேர்க்கும். பையை மூடியபடியே அரைமணி வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். ஒரு மழைக்காலத்தில் ஈரப்பையோடு பீரோவில் வைத்து ஒரு நல்ல 50 மி.மீ. லென்ஸைப் பூஞ்சைக்குக் கொடுத்தவன் சொல்கிறேன்.

இவ்வளவும் ஞாபகம் இருக்காது அண்ணே. பாம்பன் புதுப் பாலத்துல தூக்கு ஏறுறத எடுக்க ஒரே ஒரு செட்டிங் சொல்லுங்க.

சரி. 2025 ஏப்ரலில் திறந்த அந்தப் பாலத்தின் நடுவில் 72.5 மீட்டர் நீளப் பகுதி மட்டும் 17 மீட்டர் உயரத்துக்கு நேராக மேலே போகிறது. ஏறி முடியச் சில நிமிஷம் பிடிக்கும், அதனால் வேகமான ஷட்டர் தேவையில்லை. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 1/400-இல் தொடங்குங்கள். பின்னால் வானம்தான் அதிகம் இருக்கும், ஹிஸ்டோகிராமைப் பார்த்து ஒரு ஸ்டாப் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். பாலத்துக்கு அடியில் விசைப்படகு வரும்போது அதையும் சேர்த்து எடுங்கள், இல்லாவிட்டால் எவ்வளவு உயரம் என்று பார்க்கிறவருக்குத் தெரியாது.

முதல் படம் எடுக்கும் முன்னால் ஐஎஸ்ஓவை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். முந்தின இரவு சந்தனக்கூட்டில் வைத்த 3200 அப்படியே இருக்கும். எனக்கு இருந்தது.